உமரித்தீவு கரைக்கு வந்து படுத்த ஆடி

ஆடி பிறந்து நாலாம் நாள், கச்சான் காற்று மணலை வாரி வாரி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, எங்களில் யாரும் பிறப்பதற்கு முன்னாலிருந்தே இரண்டு மைல் தள்ளிக் கடலுக்குள் நின்றுகொண்டிருந்த உமரித்தீவு, தன் பூவரசு மரங்களையும் உடை மரங்களையும் சுரபுன்னைக் காட்டையும் ஆலாப் பறவைகளையும் முட்டையிட வந்திருந்த ஆமைகளையும் தூக்கிக்கொண்டு, கோரைவலசையின் மேற்குக் கடைசியில், நாங்கள் வல்லம் கரையேற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் வந்து படுத்துவிட்டது. காலை ஆறு மணிக்கு அதை முதலில் பார்த்தவள் நம்பீஸ்வரி. குடிதண்ணீர்க் குழாயில் குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்பியவள், அவ்வளவு பெரியது அவ்வளவு அருகில் கிடப்பதைக் கண்டு நின்றாள்.

அவள் கத்தவில்லை, ஊரைக் கூட்டவில்லை. குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத் தீவை மேலும் கீழும் பார்த்தாள். கிளைகள் தொங்கிப்போயிருந்தன, மணல் கரைகள் இரண்டு பக்கமும் சரிந்து கிடந்தன, வேர்களுக்குள்ளிருந்து மூச்சு வாங்குகிற சத்தம் வந்தது. வெயிலில் நடந்து வந்த விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல, குடத்துத் தண்ணீரை அதன் ஓரத்து மணலில் ஊற்றினாள்.

“நின்னு நின்னு ஓஞ்சு போனியாக்கும். இரு, இருந்துட்டுப் போ,” என்றாள்.

அந்த ஒரு வார்த்தையால்தான் பின்னால் எல்லாம் வந்தது என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் ஊரில் இருக்கிறார்கள். எங்கள் ஊரில், வந்தவருக்கு முதல் தண்ணீர் கொடுத்தவர்தான் வீட்டுக்காரர். அவர் இரு என்றால் இருக்க வேண்டும், அவரே எழுப்பி அனுப்பினால்தான் புறப்பட வேண்டும், நடுவில் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. தீவுக்கும் அந்த வழக்கம் தெரிந்திருந்தது. எத்தனை தலைமுறையாக அங்கே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது, தெரியாமல் இருக்குமா.

நான் ராக்கு. நம்பீஸ்வரியின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவள், அவளுக்கு ஐந்து வயது மூத்தவள், அவளோடு ஒரே வல்லத்தில் பாசி எடுக்கப் போகிறவள். கடலுக்கடியில் பாறையில் வளர்கிற பாசியை, மூச்சடக்கி முங்கி, துணி சுற்றின விரலால் பிடுங்கி, இடுப்புப் பையில் நிரப்பிக் கரைக்குக் கொண்டுவந்து காயவைப்போம். அதில் ஜெல்லி செய்கிறார்கள், மாத்திரைக்கு மேல்தோல் செய்கிறார்கள் என்று ஏதேதோ சொல்வார்கள். எங்களுக்குத் தெரிந்தது விரல் வெட்டும் முதுகு வலியும்தான். முப்பத்தாறு பெண்கள் இந்த வேலையில் இருக்கிறோம், வேலைக்குப் போகிற நாளில் விடியுமுன்னே தெருத் தெருவாகக் குரல் கொடுத்து எங்கள் அத்தனை பேரையும் எழுப்புகிறவள் நம்பீஸ்வரி.

தீவைப் பார்க்க அடுத்து ஆண்கள் வந்தார்கள். வந்தவர்கள் ஒன்றும் யோசிக்கவில்லை. கரையைத் தொட்டதைக் கட்டிப்போடுவது கடல்காரன் கை தானாகச் செய்கிற காரியம். நாலு பேர் நைலான் கயிற்றை எடுத்து, ஒரு முனையைத் தீவின் ஓரத்து உடை மரத்திலும் மறு முனையை வல்லம் கட்டுகிற தென்னங்குற்றியிலும் இழுத்துக் கட்டி, முடிச்சை இரண்டு தரம் சரிபார்த்து, கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் “ஏப்பா, இது தீவுல்ல?” என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாற்பது ஏக்கரை விரல் தடிமன் கயிற்றில் கட்டின ஊர் உலகத்திலேயே எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

மத்தியானம் ஜீப்பில் ரேஞ்சர் வந்தார். உமரித்தீவு தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. அதில் கால் வைக்கக் கூடாது, அதைச் சுற்றி ஐந்நூறு மீட்டருக்குள் போகக் கூடாது என்பது சட்டம், அந்தச் சட்டத்தால் எங்கள் அம்மாக்கள் பாசி எடுத்த பாறைகளில் பாதி எங்களுக்கு இல்லாமல் போயிருந்தது. ரேஞ்சர் திண்டுக்கல் பக்கத்து மனுஷர், நல்ல மாதிரி, கடலுக்குத்தான் புதுசு. தீவு ஏன் வந்தது என்று அவர் கேட்கவில்லை. கயிற்றைப் பார்த்துவிட்டார்.

“தேசியப் பூங்காவைக் கட்டிப் போட்டது யாரு?”

ஊர்த் தலைவர் இருளாண்டி முன்னால் வந்தார். “அவுத்து விட்டா போயிருமேங்கய்யா. நாளைக்கு எங்க தீவக் காணோம்னு எங்களத்தான வந்து கேப்பீக?”

ரேஞ்சர் குனிந்து முடிச்சைப் பார்த்தார். பிறகு கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, சவேரியின் கையில் அளவு டேப்பைக் கொடுத்தார். சவேரி எங்கள் ஊர்க்காரன்தான், பூங்காவில் இருபது வருஷமாகத் தினக்கூலிக் காவலன், வேலை நிரந்தரமாகும் நிரந்தரமாகும் என்று தலை நரைத்தவன். அவன் தீவின் ஓரத்திலிருந்து ஐந்நூறு மீட்டர் இழுத்துக்கொண்டு போனதில், குடிதண்ணீர்க் குழாய், மீன் ஏலக் கூடம், ரேஷன் கடை, இருளாண்டியின் வீடு எல்லாம் பூங்காவுக்குள் போய்விட்டன. பலகை நட்டார்கள். மேலிடத்துக்கு ரேஞ்சர் எழுதின கடிதத்துக்கு, தீவு ஊருக்குள் வந்துள்ளதா அல்லது ஊர் தீவுக்குள் சென்றுள்ளதா என்பதைத் தெளிவுபடுத்தவும் என்று பதில் வந்தது. அது தெளிகிற வரைக்கும் இருளாண்டி தன் வீட்டுக்குள் நுழைய தினம் அனுமதிச் சீட்டு வாங்கினார். என்ன காரணத்துக்காக என்று ஒரு கட்டம் இருந்தது. முதல் நாள் ‘சாப்பிட’ என்று எழுதினார், இரண்டாம் நாள் ‘சாப்பிட, படுக்க’ என்று எழுதினார், மூன்றாம் நாள் சவேரியே எழுதி வைத்துவிட்டான்.

மனுஷனுக்கு எதுவும் மூன்று நாளில் பழகிப்போகும். ரேஷன் கடைப் படிக்கடியில் ஆமை ஒன்று குழி தோண்டி முட்டையிட்டது, அரிசி வாங்கப் போனவர்கள் பக்கவாட்டில் ஏறி இறங்கினார்கள். குழாயடியில் தேங்கின தண்ணீரில் பூநாரைகள் ஒற்றைக் காலில் வந்து நின்றன, பெண்கள் குடத்தை அவற்றுக்குப் பின்னால் வரிசையில் வைத்தார்கள். இராவணன் மீசைப் புல்லின் முள்ளுருண்டைகள் காற்றில் தெருவெல்லாம் உருண்டு வீடு வீடாக எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. தீவு தூங்கிக்கொண்டிருந்தது. அது மூச்சு விடும்போதெல்லாம் தாழம்பூவும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த ஒரு வாடை ஊர்மேல் வந்து இறங்கும், அது பட்டவர்களுக்கெல்லாம் கொட்டாவி வந்தது. வாத்தியார் கரும்பலகையில் கணக்கைப் பாதி எழுதி அதிலேயே சாய்ந்து தூங்கினார், ஏலக்காரர் இரண்டாம் தரம் சொல்லி மூன்றாம் தரம் சொல்வதற்குள் தூங்கினார், பிள்ளைகள் தூங்கின, நாய்கள் தூங்கின. சாமிக்குப் பாட்டு வைக்கிற ரேடியோ செட்டை மாரியம்மன் கோயிலிலும் மாதா கோயிலிலும் ஒரே நாளில் நிறுத்தினார்கள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அசந்து தூங்குகிறதை எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அது ஏன் அசந்தது என்று எங்களுக்குத் தெரியும், அதனால்தான் நாங்கள் பேசவில்லை. எங்கள் தாத்தாக்கள் காலத்தில் சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீட்டுக்கும் என்று அதன் இடுப்பைச் சுற்றிப் பவளக்கல்லை வெட்டி வெட்டி வல்லத்தில் ஏற்றினார்கள். இருளாண்டியின் வீடு அந்தக் கல், என் வீடு அந்தக் கல், இரண்டு கோயிலும் அந்தக் கல். இடுப்பெலும்பை உருவிவிட்டு, ஆடிக்கு ஆடி அடிக்கிற அலையையும் நீயே தாங்கு என்றால் எது எத்தனை நாள் நிற்கும்? ஊரில் அந்தக் கல் ஒன்றுகூட இல்லாமல் எழுந்த வீடு நம்பீஸ்வரியுடையது. அது புது வீடு, சிமென்ட் கல் வீடு, ஊரின் கிழக்குக் கடைசியில் கடலைப் பார்த்து நின்ற கடைசி வீடு.

அவள் புருஷன் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம். ஒரே மகளைத் தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்துவிட்டாள். அந்தப் பதினோரு வருஷத்தில், ஒரு வருஷம் ஒரு சுவர், மறு வருஷம் நிலை, அடுத்த வருஷம் ஜன்னல் என்று, தண்ணீருக்குள் அடக்கின மூச்சையெல்லாம் அந்த வீடாகக் கட்டியிருந்தாள். போன தையில்தான் மேலே தகரம் போட்டுப் பால் காய்ச்சினாள். எங்களுக்கெல்லாம் அவள் கையாலேயே கேசரி வைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

தீவு இடம் மாறின மூன்றாம் நாள், அந்த வீட்டின் முன்னால் அலை வந்தது. இத்தனை காலம் உமரித்தீவில் மோதிச் செத்து, நுரையாக மட்டும் எங்கள் கரைக்கு வந்துகொண்டிருந்த அலை, இப்போது தடுக்க ஆளில்லாமல் நேரே வந்து கிழக்குக் கடைசியில் அடித்தது. முப்பது காலடி தள்ளியிருந்த கடல் பதினைந்து காலடிக்கு வந்தது, மறு நாள் ஒன்பது காலடிக்கு வந்தது. மற்ற வீடுகளுக்கு முன்னால் மணல்மேடு இருந்தது. அவள் வீட்டுக்கு இல்லை.

சாயங்காலம் ஏலக் கூடத்துக்குப் பின்னால் ஊர் கூடியது. இருளாண்டி கொட்டாவியை அடக்கிக்கொண்டு பேசினார்.

“ஒன் வீட்டு விருந்தாளி. ஒன் வீடுதான் போகப் போகுது. நீதான்த்தா எழுப்பி அனுப்பணும்.”

“படுத்து அஞ்சு நாளு ஆகலைங்க. ஆயிரம் வருசமா நின்னுருக்கு. எப்பிடி எழுப்புறது?” என்றாள் நம்பீஸ்வரி.

“அதுக்கு?”

“அது நின்ன எடத்துல நாங்க நிக்கிறோம். இந்த மாசத்துப் பன்னெண்டு நாளும் அப்பிடியே இருக்கு.”

பன்னிரண்டு நாள் கணக்கைச் சொல்ல வேண்டும். பாசி வளர வேண்டும், பாறை மூச்சு விட வேண்டும் என்று, மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் கடலில் இறங்குவதில்லை என்று பாசிக்காரப் பெண்கள் நாங்களே எங்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். சட்டம் போட்டு எங்களைத் தடுத்தவர்களுக்கு முன்னாலேயே போட்டுக்கொண்டது அது. அதைப் பேசி நிறைவேற்றியவளும் நம்பீஸ்வரிதான். ஒரு தடவை, வீட்டில் முடை என்று நான் பதின்மூன்றாம் நாள் திருட்டுத்தனமாக இறங்கினேன். கரையில் எனக்காகக் காத்திருந்து, என் பையை வாங்கி, அத்தனை பாசியையும் திரும்பக் கடலில் கொட்டினாள். இரண்டு மாதம் அவளோடு நான் பேசவில்லை.

இப்போது அந்தப் பன்னிரண்டு நாளையும், அந்த மாதத்து வயிற்றுப்பாட்டையும் சேர்த்து, தீவின் தூக்கத்துக்குக் கொடுக்கச் சொல்கிறாள். முப்பத்தாறு பேரில் ஒருத்தியும் முடியாது என்று சொல்லவில்லை. பன்னிரண்டு பன்னிரண்டு பேராக மூன்று முறை வைத்துக்கொண்டோம். தீவு இருக்கிற இடம்தான் பூங்கா, தீவு இங்கே கிடப்பதால் அங்கே இருப்பது சும்மா கடல், நிற்பதில் தப்பில்லை என்று ரேஞ்சர் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். பன்னிரண்டு பேர் நாற்பது ஏக்கருக்கு எப்படி ஈடாகும் என்று மட்டும் கேட்டார்.

“எங்க பொம்பளைகள நீங்க பாத்ததில்லங்கய்யா,” என்றார் இருளாண்டி.

தீவு எழுந்துபோன இடம் வழுவழுவென்று வெள்ளைப் பாறையாக இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் கையைக் கோத்து வரிசையாக நின்றோம். கச்சான் அலை எழும்பி வந்து, எங்களைப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, எங்கள் இடுப்பில் மோதி உடைந்து, நுரையாகக் கரைக்குப் போனது. அடுத்ததும் அப்படியே போனது. கிழக்குக் கடைசியில் கடல் ஒன்பது காலடியிலேயே நின்றுவிட்டது என்று சவேரி வல்லத்தில் வந்து சொன்னான்.

முதல் இரண்டு நாள் எங்கள் விரல்கள் தண்ணீருக்குள் சும்மா இருக்க மாட்டேன் என்றன. பாசி இல்லாத இடத்தில் பாசி பிடுங்கின, பக்கத்தில் நிற்பவளின் சேலையைப் பிடுங்கின. மூன்றாம் நாள் அவையும் அடங்கிவிட்டன. ஆலாப் பறவைகள் வந்து எங்கள் தோளில் உட்கார்ந்தன, ஒருத்தியின் கொண்டையில் நண்டு குடியேறியது, சேலைக் கரையில் பச்சையாகப் பாசி அரும்பியது. நாலாம் நாள் ஆவுளியா வந்தது. அந்தக் கடல்பசுவை நாங்கள் வலையில் செத்துக் கிடந்துதான் பார்த்திருக்கிறோம். இது உயிரோடு, குட்டியோடு, எங்கள் கால்களுக்கிடையில் முளைத்த கடல்புல்லை மேய்ந்துகொண்டு, அவ்வப்போது தலையைத் தூக்கி எங்கள் வயிற்றின்மேல் வெதுவெதுப்பாக மூச்சு விட்டது. குட்டி என் முழங்காலில் சாய்ந்துகொண்டு நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கென்று தெரியாமல் விக்கி விக்கி அழுதேன்.

“ஏன் மதினி அழுவுறீக?” என்று பக்கத்தில் நின்ற நம்பீஸ்வரி கேட்டாள்.

“தெரியலத்தா.”

“அலுப்புதான். வேல செய்யிறப்ப தெரியாது. சும்மா நின்னாத்தான் அம்புட்டும் மேல வரும்.”

அவள் முகம் மட்டும் மாறவே இல்லை. எங்களுக்கெல்லாம் நாளைக்கு ஒரு முறை, அவள் இரண்டு முறை நின்றாள். மற்றவர்கள் நின்றபடியே கண் அயர்ந்தபோதும் அவள் கண்ணை மூடவில்லை. ஒவ்வொருத்தியின் கையும் நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே.

பன்னிரண்டு நாள் முடிந்தது. கரையேறினோம். தீவு புரண்டுகூடப் படுக்கவில்லை. இருளாண்டிக்கே பாவமாகிவிட்டது. “கட்டுப்பாடு நீங்களா வச்சதுதான. இன்னும் ஒரு வாரம் நின்னுக்கங்க, யாரும் கேக்க மாட்டாக,” என்றார்.

நம்பீஸ்வரி தலையை ஆட்டினாள். “ராக்கு மதினி பாசிய நாந்தான் கொட்டுனேன். அன்னைக்கு அவுக வீட்டுல அடுப்பு எரியல. இன்னைக்கு என் வீடுன்னதும் மாத்துனா நா எந்த மூஞ்சியோட முழிக்கிறது?”

அப்படியென்றால் எழுப்ப வேண்டியதுதான் என்றார்கள். வேறு வழியும் இல்லை. மறு நாள் காலையில் ஊரே மேற்குக் கடைசியில் நின்றது. ஒரு ஆள், துணைக்கு ஒரு ஆள் என்று சவேரி சீட்டு எழுதினான். காரணக் கட்டத்தில் ‘எழுப்ப’ என்று போட்டான். நம்பீஸ்வரியும் நானும் தீவில் ஏறினோம்.

அடப்பங்கொடி ஊதாப் பூவாகப் பூத்துக் கிடந்தது, அதை மிதிக்காமல் நடந்தோம். புல் மறைவில் ஆலாக் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்தன. சுரபுன்னை வேர்களுக்கிடையில் கிடந்த சேறு ஏறி இறங்கி ஏறி இறங்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எத்தனை பாரம் இறங்கினால் ஒன்று அப்படித் தூங்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். நடுவில் பெரிய பூவரசு. அதன் வேரடியில் நம்பீஸ்வரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வேரின்மேல் கையை வைத்தாள். நான் பின்னால் நின்று காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். அவள் குரல் எனக்குத் தெரியும், நாலு தெருவுக்குக் கேட்கும்.

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். அந்த வேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் மரங்களின் இடைவெளியில் கிழக்குக் கடைசியும் அவள் வீட்டுத் தகரமும் தெரிந்தன, அலை ஒன்று அதன் வாசல் வரைக்கும் வந்து திரும்புவதும் தெரிந்தது. அவளும் அதைப் பார்த்தாள். பிறகு குனிந்தாள், பிள்ளையிடம் பேசுவதுபோல வேருக்குப் பக்கத்தில் வாயை வைத்து, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னாள்.

“இன்னுங் கொஞ்ச நேரம் படுத்துக்க.”

எழுந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் எனக்கு முன்னால் நடந்தாள். கரையில் இறங்கியதும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

“எந்திரிக்க மாட்டேங்குதுங்க,” என்றாள்.

இருளாண்டி என் பக்கம் திரும்பினார். ரேஞ்சரும் திரும்பினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்தில், ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. பதினோரு வருஷம், பதினோரு வருஷத்து மூச்சு. ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும்.

“ஆமா,” என்றேன். “எம்புட்டோ கூப்புட்டுப் பாத்தா. அசையல.”

மறு நாள் மத்தியானம் வீடு போனது. அதற்குள் சாமான்களை எடுத்துவிட்டோம், பாத்திரங்கள், கிரைண்டர், ரேஷன் கார்டு வைத்திருந்த டப்பா, அவள் புருஷனின் படம், கதவைக்கூடக் கழற்றிவிட்டோம். முதலில் முன் சுவர் உட்கார்ந்தது, பிறகு ஜன்னல் சுவர், பிறகு தகரம் காற்றில் எழும்பிக் கடலுக்குள் போய் விழுந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான் மணலில் உட்கார்ந்து அடித்துக்கொண்டு அழுதேன். அவள் கழற்றின கதவைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டு கடைசிவரைக்கும் பார்த்தாள். அந்தக் கதவோடு என் வீட்டுக்கு வந்தாள். பவளக்கல் எடுத்தவர்களின் வீடுகளெல்லாம் ஒன்றும் ஆகாமல் நின்றன, என் வீடும்தான்.

தீவு இன்னும் நாலு நாள் தூங்கியது. அவள் தினம் சாயங்காலம் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்துவிட்டு வந்தாள். ஐந்தாம் நாள் காலையில், யாரும் எழுப்பாமல், அதுவாக எழுந்தது. மணலை உதறியது, ஆலாக்கள் ஒரே சத்தமாக மேலே கிளம்பின, பூநாரைகள் குழாயடியை விட்டுப் பறந்து அதன்பின்னால் போயின. கிளைகளெல்லாம் விறைப்பாக நிமிர்ந்திருந்தன. அவசரமில்லாமல், நன்றாகத் தூங்கி எழுந்தவர் நடப்பதுபோலக் கடலுக்குள் போய், உச்சி வெயிலுக்குள் தன் இடத்தில் நின்றது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் மட்டும் அதனிடம் எப்போது என்ன சொல்லியிருக்கிறோம்? சவேரி பலகைகளைப் பிடுங்கினான். கொட்டாவி நின்றது, ஏலக்காரர் மூன்றாம் தரம் சொன்னார், ரேடியோ செட்டுகள் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்ட ஆரம்பித்தன. தூங்கி எழுந்த ஊர் வழக்கம்போல நம்பீஸ்வரியைத் திட்டியது. ‘இரு’ன்னு சொன்ன வாயிக்கு ‘எந்திரி’ன்னு சொல்லத் தெரியல பாரு என்றார்கள். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். “ஏன்த்தா அப்பிடிச் செஞ்ச?”

“முப்பது வருசமா நாந்தான எல்லாரையும் எழுப்புறேன் மதினி. ஒவ்வொருத்தி மூஞ்சியா பாப்பேன், வாயத் தொறந்துக்கிட்டு அசந்து கெடப்பாளுக. பாவமா இருக்கும். ஆனாலும் எழுப்பிருவேன்,” என்றாள். கொஞ்ச நேரம் வெங்காயத்தோலைக் கூட்டிக் குவித்தாள். “ஒரு தடவையாச்சும் எழுப்பாம விடணும்னு இருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல.”

அவளை யார் எழுப்புவார்கள் என்று அன்றுவரை நான் யோசித்ததே இல்லை. அவளுக்கு யாரும் தேவைப்பட்டதில்லை, அவளாக எழுந்துகொள்வாள்.

ஆவணி பிறந்து முதல் வேலை நாள் வந்தது. எனக்கு அன்று முழிப்பு முன்னாலேயே வந்துவிட்டது. அவள் என் வீட்டுக் கூடத்தில், சுவரோரம், கை இரண்டையும் தலைக்கடியில் வைத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நான் துணியை விரலில் சுற்றிக்கொண்டு, பையை எடுத்து இடுப்பில் கட்டும்போது, சத்தத்தில் அசைந்தாள்.

“நேரமாச்சா மதினி?” என்று கண்ணைத் திறக்காமலேயே எழப் பார்த்தாள்.

வெளியே நன்றாகவே வெளுத்துவிட்டிருந்தது. அழைக்க ஆள் வராததால் பெண்கள் தாங்களாகவே எழுந்து வல்லத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“இன்னும் நேரங் கெடக்கு. படுத்துக்க,” என்றேன்.

அவள் படுத்துக்கொண்டாள். கதவைச் சாத்திவிட்டுக் கரைக்கு நடந்தேன். நம்பீஸ்வரி எங்கே என்று வல்லத்தடியில் முப்பத்து நாலு பேரும் கேட்டார்கள்.

“எம்புட்டோ கூப்புட்டுப் பாத்தேன், எந்திரிக்க மாட்டேங்குறா,” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.